தைத்த தோள் எவ்வளவு தாங்கும்?



"ஸ்குரூ வச்சுத் தச்சிருக்கீங்களே டாக்டர், இனிமே எவ்வளவு வெயிட் தாங்கும்?" தோள் விலகி, உள்ளே கிழிந்த லேப்ரம் என்ற விளிம்பு வளையத்தைத் தைத்துக்கொண்ட இளைஞர்கள் தவறாமல் கேட்கும் கேள்வி இது. அறுவைக்கு முன்பே பெற்றோர் கேட்பது வேறு: "டைட்டானியம் நல்லதா, கரைஞ்சு போற ஸ்குரூ நல்லதா? எது ஸ்ட்ராங்?"

இரண்டும் நியாயமான கேள்விகள். ஆனால், ஸ்குரூ எவ்வளவு பலமோ அவ்வளவுதான் தையலின் பலம் என்ற நம்பிக்கை இரண்டுக்கும் அடியில் இருக்கிறது. அந்த நம்பிக்கையைத் திருத்தத்தான் இன்று உங்கள் முன் நிற்கிறேன். எலும்பு, ஆங்கர் (நீங்கள் ஸ்குரூ என்று சொல்வது), இழை, முடிச்சு, திசு என ஐந்தும் வரிசையாக நின்று சுமையைக் கைமாற்றிக்கொள்கின்றன. அவற்றில் எது மெலிந்ததோ, அதன் பலமே மொத்தத் தையலின் பலம். இன்றைய நல்ல ஆங்கர், நல்ல இழை இவற்றை வைத்துப் பார்த்தால் பெரும்பாலும் மெலிந்து நிற்பது உலோகமும் அல்ல, நூலும் அல்ல. அது நம் உடம்பின் பகுதி. ஆகவே, பலத்தைக் காப்பதில் மருத்துவருக்கு எவ்வளவு பங்கோ அவ்வளவு பங்கு வீரருக்கும், பயிற்சியாளருக்கும், வீட்டாருக்கும் உண்டு.

முதலில் மூட்டைப் பார்ப்போம். மேற்கை எலும்பின் தலை உருண்டையானது. அது பொருந்தும் குழி தோள்பட்டை எலும்பின் ஓரத்தில் இருக்கிறது. உருண்டையின் பரப்போடு ஒப்பிட்டால் குழியின் பரப்பு மூன்றில் ஒன்றோ நான்கில் ஒன்றோதான், ஆழமும் குறைவு. கையை எல்லாத் திசைகளிலும் சுழற்ற முடிவது இதனால்தான். உடலின் பெரிய மூட்டுகளில் அதிகமாக விலகுவது தோளாக இருப்பதும் இதனால்தான். குழியின் விளிம்பைச் சுற்றி நாரும் குருத்தெலும்பும் கலந்த ஒரு வளையம் ஓடுகிறது. அதுவே லேப்ரம். குழியின் ஆழத்தில் ஏறக்குறையப் பாதியைத் தருவது இந்த வளையம் என்று ஹோவெல், கலினாட் என்ற ஆய்வாளர்கள் 1989-இல் அளந்து காட்டினார்கள். மூட்டை முன்புறம் தாங்கும் தசைநார்களும் மூட்டு உறையும் குழியோடு வந்து இணைவதும் இந்த வளையத்தில்தான். வளையம் பிய்ந்தால் ஆழமும் போகிறது, தசைநாரின் பிடிமானமும் போகிறது.

உருண்டையைக் குழியில் நிறுத்துவதில் தசைகளுக்கும் பெரிய பங்கு உண்டு. கையைப் பக்கவாட்டில் தோள் மட்டத்துக்கு வெறுமனே உயர்த்தினாலே, மூட்டில் விழும் விசை உடல் எடையில் ஏறத்தாழ 90 சதவீதத்தை எட்டும் என்று பாப்பென், வாக்கர் என்ற இருவர் 1978-இல் கணக்கிட்டார்கள். 60 கிலோ எடையுள்ள ஒருவருக்கு அது 500 நியூட்டனுக்கும் மேல். இந்த விசையின் பெரும்பகுதி உருண்டையைக் குழிக்குள் அழுத்துகிறது, வெளியே தள்ளுவதில்லை. தசைகள் அழுத்த, குழியின் ஆழம் தடுக்க, உருண்டை நழுவாமல் நிற்கிறது. லேப்ரத்தை நீக்கிவிட்டால் இந்தத் தடுப்பில் சுமார் 20 சதவீதம் குறைகிறது என்று 1993-இல் லிப்பிட், மேட்சன் குழுவினர் கண்டறிந்தார்கள். இதை நினைவில் வையுங்கள். பிசியோதெரபி ஏன் தையலின் ஒரு பகுதி என்று பிறகு சொல்லும்போது இந்தக் கணக்கு உதவும்.

தோள் எப்படி விலகுகிறது? கை பக்கவாட்டில் உயர்ந்து, வெளிப்புறமாகத் திரும்பி, பின்னால் இழுபடும் நிலைதான் ஆபத்தான நிலை. கபடியில் பாடிப் போனவர் கோட்டைத் தொடக் கையை நீட்டிப் பாயும்போது, பிடிக்கிற இருவர் அந்தக் கையைப் பின்னால் இழுக்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். உருண்டை முன்புறமாகவும் கீழ்ப்புறமாகவும் தள்ளப்படுகிறது. அங்கே காவல் நிற்பது கீழ்த் தசைநார். இந்தத் தசைநாரை 1992-இல் பிக்லியானி குழுவினர் இழுத்துச் சோதித்தபோது, அறுவதற்கு முன் அது தன் நீளத்தில் சராசரியாக 27 சதவீதம் நீண்டது. அறுந்த இடங்களில் 40 சதவீதம் குழியின் விளிம்பு. 35 சதவீதம் தசைநாரின் நடுப்பகுதி. மீதி 25 சதவீதம் மேற்கை எலும்புப் பக்கம்.

இந்த எண்களில் மருத்துவருக்கு ஒரு பாடம் இருக்கிறது. விளிம்பில் கிழியும்போதே தசைநார் நீண்டும் போயிருக்கும். மீண்டும் மீண்டும் விலகினால் இன்னும் நீளும். பிய்ந்த லேப்ரத்தைப் பழைய இடத்தில் ஒட்டினால் மட்டும் போதாது. தளர்ந்த உறையையும் மேல்நோக்கி இழுத்து இறுக்கித் தைக்க வேண்டும். வலுவான தையலைத் தவறான இடத்தில் போட்டால் தோள் நிலைக்காது.

இந்த அறிவு ஒரே நாளில் வந்ததல்ல. அடிக்கடி விலகும் தோளுக்கு, பழுக்கக் காய்ச்சிய இரும்பை அக்குளில் வைத்துச் சுடும் சிகிச்சையைப் பழங்கால கிரேக்கத்தின் ஹிப்போகிரட்டஸ் மருத்துவ நூல்கள் விவரிக்கின்றன. சுட்ட இடம் தழும்பாகி இறுகினால் தோள் நிற்கும் என்பது எண்ணம். விளிம்பு பிய்வதே மூலக்காரணம் என்பதை ஜெர்மனியில் பெர்த்தஸ் 1906-இலும், லண்டனில் பிளண்டல் பாங்கார்ட் 1923-இலும் எழுதினார்கள். தோளைத் திறந்து, பிய்ந்த பகுதியைக் குழியின் விளிம்போடு சேர்த்துத் தைக்கும் முறையைப் பாங்கார்ட் நிலைநாட்டினார். அவர் பெயரால்தான் இன்றும் முன்புறக் கிழிசலைப் பாங்கார்ட் கிழிசல் என்கிறோம்.

1980-களில் தோள் அறுவையில் ஆர்த்ரோஸ்கோப்பி பரவியது. சிறு துளை வழியே கேமரா உள்ளே போயிற்று. ஆனால் அதே துளை வழியே எப்படித் தைப்பது? சிலர் உலோக ஸ்டேப்பிள் அடித்தார்கள். அவை தளர்ந்து மூட்டுக்குள் நகர்ந்து குருத்தெலும்பைக் கெடுத்தன. சிலர் குழியை முன்னிருந்து பின்னாகத் துளைத்து, இழையைத் தோள்பட்டையின் பின்புறம் கொண்டுபோய் முடிச்சிட்டார்கள். அங்கே ஓடும் நரம்புக்கு அது ஆபத்தாக இருந்தது. இந்தத் தவிப்புகளுக்கு விடையாக வந்ததுதான் ஆங்கர்: எலும்புக்குள் இறங்கி நின்றுகொள்ளும் சிறிய முளை, அதன் காதில் கோத்த இழை.

இனி அந்த ஐந்தையும் ஒவ்வொன்றாகப் பார்ப்போம். இதுதான் என் பேச்சின் மையம்.

முதலில் எலும்பு. ஆங்கரின் பிடிப்பு அது இறங்கும் எலும்பின் அடர்த்தியைப் பொறுத்தது. மேலே கடினமான ஓடு, உள்ளே பஞ்சு போன்ற எலும்பு என்ற அமைப்பில், பிடிப்பில் பெரும்பங்கு ஓட்டுக்கு உரியது. குழியின் விளிம்பைக் கடிகார முகமாக எண்ணிப் பேசுவது மருத்துவர் வழக்கம். வலது தோளில் பாங்கார்ட் கிழிசல் 3 மணிக்கும் 6 மணிக்கும் இடையே வரும். 6 மணியை நெருங்க நெருங்க எலும்பு குறுகுகிறது. துளைப்பான் மறுபக்க ஓட்டைக் கிழித்து வெளியேறிவிட்டால் ஆங்கர் பாதி வெற்றிடத்தில் நிற்கும். ஆனால் தசைநாரைச் சரியாக இழுத்துக் கட்ட வேண்டிய இடமும் அந்தக் கீழ்ப்பகுதிதான். தோள் அறுவையில் கைத்திறன் மிகவும் சோதிக்கப்படுவது அங்கேதான்.

எந்தக் கோணத்தில் இறக்குவது? 1995-இல் டெக்ஸாஸைச் சேர்ந்த ஸ்டீபன் பர்க்ஹார்ட், தம் பகுதிப் பண்ணை வேலிகளின் மூலைக் கம்பங்களை இழுத்துப் பிடிக்கும் முறையிலிருந்து ஒரு கோட்பாட்டை எடுத்தார். பந்தல்காரர் முளைக்கம்பை இழுவைக்கு எதிர்ப்புறம் சாய்த்து அடிப்பது போல, ஆங்கரையும் சாய்த்து இறக்கினால் பிடிப்பு கூடும் என்றார். பிறகு மரை போட்ட ஆங்கர்களைச் சோதித்தவர்களில் சிலர், நேராக இறக்கியவையே கூடுதலாகத் தாங்கின என்று கண்டார்கள். எலும்பில் மரை பதிவதால் கணக்கு மாறுகிறது. குழி விளிம்பில் இன்னொரு கட்டுப்பாடும் உண்டு. மிகவும் படுக்கையாகப் போனால் ஆங்கர் குருத்தெலும்பை உரித்துக்கொண்டு போகும். எதிர்ப்பக்கம் சாய்ந்தால் குழியின் கழுத்துப் பகுதியில் வழுக்கிவிடும். ஆகவே குழியின் முகத்துக்கு ஏறத்தாழ 45 பாகையில் இறக்குவது பொது வழக்கம்.

இரண்டாவது ஆங்கர். தொடக்கத்தில் உலோகம். பிடிப்பு நல்லது, ஆனால் ஒரு மில்லிமீட்டர் துருத்தி நின்றாலும் உருண்டையின் குருத்தெலும்பை அரித்துவிடும். எம்.ஆர்.ஐ. படத்தையும் மறைக்கும். பிறகு உடம்பில் கரையும் பாலிலாக்டிக் அமில வகை வந்தது. சில நோயாளிகளில் அது கரையும்போது சுற்றியுள்ள எலும்பும் கரைந்து பை போன்ற வெற்றிடம் உண்டானது. அந்தப் பாலிலாக்டிக் அமிலத்தோடு கால்சியம் பாஸ்பேட் கலந்த கலவை வகையும், கரையாத, படத்தை மறைக்காத பீக் என்ற பிளாஸ்டிக் வகையும் அடுத்து வந்தன. இப்போது பரவலாக இருப்பது முழுவதும் நூலாலான ஆங்கர். வழக்கமான ஆங்கருக்கு 3 மில்லிமீட்டர் அளவுக்குத் துளை வேண்டுமென்றால், இதற்கு 1.4 முதல் 1.8 மில்லிமீட்டர் துளையே போதும். உள்ளே இறக்கி இழுத்ததும் நூல் குஞ்சம் சுருண்டு உருண்டையாகி ஓட்டின் அடியில் மாட்டிக்கொள்ளும். ஒரே இழுப்பில் சோதித்தால் கடின ஆங்கருக்கு ஏறத்தாழ நிகராகவே தாங்குகிறது. திரும்பத் திரும்ப இழுத்துச் சோதிக்கும்போது, சரியாகச் சுருண்டு உட்காராதவை கொஞ்சம் கொஞ்சமாக மேலே நகர்கின்றன. ஆகவே கட்டுவதற்கு முன் அதை நன்றாக இழுத்து உட்காரவைப்பது அவசியம்.

மூன்றாவது இழை. பழைய பாலியெஸ்டர் பின்னல் இழையின் இடத்தை 2000-களின் தொடக்கத்தில் அதி உயர் மூலக்கூறு எடை கொண்ட பாலிஎத்திலீன் இழை பிடித்தது. ஒரே தடிமனில் ஏறத்தாழ இரு மடங்கு தாங்கும். இழை அறுவது பெரும்பாலும் நின்றுபோயிற்று. ஆனால் இழை வலுத்தால் சுமை மறைந்துவிடாது; அடுத்த மெலிந்த இடத்துக்குப் போகும்.

அந்த அடுத்த இடங்களில் ஒன்று முடிச்சு. இது நான்காவது. முடிச்சில் இரண்டு பாதுகாப்பு உண்டு: முடிச்சு அவிழாமல் இருப்பது ஒன்று, வளையம் தளராமல் இருப்பது இன்னொன்று. முடிச்சு உறுதியாக இருந்தும், கட்டும்போது வளையம் தொளதொளவென்று இருந்தால் லேப்ரம் எலும்பை ஒட்டாது. வளையம் 3 மில்லிமீட்டர் தளர்ந்தாலே தையல் தோற்றதாக ஆய்வகங்கள் கணக்கிடுகின்றன. புதிய இழை வழவழப்பானது, எளிதில் சறுக்கும். அதனால் சறுக்கு முடிச்சை இறக்கிய பிறகு, அச்சாக நிற்கும் இழையை மாற்றி மாற்றி, எதிரெதிர்த் திசையில் மூன்று அரை முடிச்சுகளாவது போட வேண்டும். முடிச்சே இல்லாமல் இழையை ஆங்கரோடு சேர்த்து எலும்புக்குள் பூட்டும் முறையும் இன்று பரவியிருக்கிறது. அதில் முடிச்சு உருண்டையின் மேல் உரசாது. ஆனால் பூட்டும்போது எவ்வளவு இறுக்கம் கொடுத்தோமோ அதுவே முடிவு.

ஐந்தாவது திசு. ஆய்வகத்தில் இந்தச் சோதனையைப் பக்கத்திலிருந்து பார்த்தவர்களுக்கு நான் சொல்வது உடனே விளங்கும். தானமாகப் பெற்ற உடலின் குழி எலும்பை இயந்திரத்தின் கீழ்ப்பிடியில் இறுக்குகிறார்கள். லேப்ரத்தை விளிம்போடு தைத்து, அதனோடு சேர்ந்த மூட்டு உறையை மேல்பிடியில் மாட்டுகிறார்கள். முதலில் சிறு விசையில் பலமுறை இழுத்துத் தளர்த்துகிறார்கள். ஒவ்வொரு சுற்றிலும் எத்தனை மில்லிமீட்டர் நகர்ந்தது என்று கணினி குறித்துக்கொள்கிறது. பிறகு அறும்வரை இழுக்கிறார்கள். திரையில் கோடு ஏறுகிறது. நடுவில் ஒரு சின்னச் சரிவு: முடிச்சு இறுகியது. மறுபடி ஏறுகிறது. இழை திசுவை அறுக்கத் தொடங்குகிறது. துளை நீள்வட்டமாகிறது, நார்கள் ஒவ்வொன்றாகப் பிரிகின்றன, கோடு தள்ளாடி விழுகிறது. கீழே பார்த்தால் ஆங்கர் அதே இடத்தில் அசையாமல் இருக்கிறது. இழையும் முழுசாக இருக்கிறது. தோற்றது திசு. மெல்லிய நூல் அறுக்கும் என்பதால் தட்டையான நாடா இழை பயன்படுத்துவதும், திசுவை நிறையச் சேர்த்துக் கடித்துத் தைப்பதும் இந்தத் தோல்வியைக் கண்டுதான் வந்தன.

எத்தனை ஆங்கர் போடுவது? சுமையைப் பகிர்ந்தால் ஒவ்வொரு புள்ளியிலும் விசை குறையும். பிரான்சின் பாஸ்கல் புவாலோ குழுவினர் 2006-இல் வெளியிட்ட ஆய்வில், மூன்றோ அதற்குக் குறைவாகவோ ஆங்கர் வைத்தவர்களுக்கு மறுபடி விலகும் அபாயம் கூடுதலாக இருந்தது. அதற்காக வரிசையாகத் துளைத்துக்கொண்டே போகவும் முடியாது. நெருக்கமான பெரிய துளைகளின் வரிசையில் குழியின் விளிம்பே முறிந்த நோயாளிகளைப் பற்றிய பதிவுகளும் உண்டு. சிறு துளை போதும் என்ற நூல் ஆங்கரின் உண்மையான சிறப்பு இங்கேதான்.

இத்தனையும் சரியாக அமைந்தும் ஒரு தையல் தோற்கலாம். எலும்பு குறைந்த தோளில் அதுதான் நடக்கிறது. உருண்டை ஒவ்வொரு முறை விலகும்போதும் குழியின் முன் விளிம்பு கொஞ்சம் தேய்கிறது. உருண்டையின் பின்புறத்தில் பள்ளம் விழுகிறது. பர்க்ஹார்ட், டி பீர் என்ற இருவர் 2000-இல் 194 தோள்களின் முடிவுகளை வெளியிட்டார்கள். பெரிய எலும்புக் குறை இல்லாதவர்களில் மறுபடி விலகியது 4 சதவீதம். இருந்தவர்களில் 67 சதவீதம். அதே கைகள், அதே ஆங்கர்கள். வேறுபாடு எலும்பில். குழியின் அகலத்தில் 20 முதல் 25 சதவீதம் தேய்ந்தால் தையல் மட்டும் போதாது என்பது நெடுநாள் கணக்கு. அமெரிக்க ராணுவ வீரர்களிடம் நடந்த ஓர் ஆய்வு, 13.5 சதவீதத்திலிருந்தே முடிவுகள் மோசமாவதை 2015-இல் காட்டியது. அப்படிப்பட்ட தோளுக்கு, 1954-இல் பிரான்சின் மிஷேல் லாத்தார்ஜே வகுத்தபடி, தோள்பட்டையின் இன்னொரு முனையிலிருந்து எலும்பை வெட்டி எடுத்து விளிம்பில் பொருத்த வேண்டியிருக்கும்.

குழியின் மேல் விளிம்பில், இருதலைத் தசையின் நாண் பற்றும் இடத்தில் வரும் கிழிசல் வேறு வகை. ஸ்டீபன் ஸ்னைடர் 1990-இல் அதற்கு 'ஸ்லாப்' என்று பெயரிட்டு வகைப்படுத்தினார். ஈட்டி எறிபவர், பந்து வீசுபவர் தோளைப் பின்னால் முறுக்கும்போது நாண் வளையத்தை உரித்தெடுக்கிறது. அங்கே ஆங்கர் சந்திப்பது நேர் இழுப்பை அல்ல, முறுக்கும் உரிப்பை. நடுத்தர வயதைத் தாண்டியவர்களுக்கு அதைத் தைப்பதைவிட, நாணை விடுவித்து மேற்கை எலும்பில் பொருத்துவதே பலருக்கு நல்ல பலன் தருகிறது.

இனி முதல் கேள்விக்கு வருகிறேன். எவ்வளவு வெயிட் தாங்கும்? ஆய்வகம் சொல்லும் எண்கள் எல்லாம் தைத்த அந்த நிமிடத்தின் பலம். உடம்பில் அதற்குப் பிறகுதான் உண்மையான வேலை தொடங்குகிறது. தைப்பதற்கு முன் விளிம்பு எலும்பைச் சுரண்டி ரத்தம் கசியச் செய்வது எதற்காக? அந்த ரத்தத்திலிருந்துதான் புதிய நார்கள் பிறந்து லேப்ரத்தை எலும்போடு பிணைக்கின்றன. முதல் ஆறு வாரம் அந்தப் பிணைப்பு மிகவும் இளசு. மூன்று மாதத்தில் நன்றாகத் தேறும். அதுவரை ஆங்கரும் இழையும் திசுவைப் பிடித்துக் கொடுக்கின்றன. திசு ஒட்டிய பிறகு சுமை அதன் மேல் ஏறுகிறது; ஆங்கரின் பணி முடிகிறது. கரையும் ஆங்கரை நம்பிப் பயன்படுத்த முடிவதே இந்தக் காரணத்தால்தான். ஒட்டாமலே போனால், டைட்டானியமே இருந்தாலும் இழை என்றாவது ஒருநாள் திசுவை அறுத்துவிடும்.

ஆகவே என் வேண்டுகோள்களை ஒவ்வொருவரிடமும் தனித்தனியே வைக்கிறேன்.

பயிற்சியாளர்களே, ஆட்டத்தில் தோள் விலகினால் களத்திலேயே இழுத்து ஏற்றிவிட்டு அடுத்த ஆட்டத்துக்கு அனுப்பாதீர்கள். கையை அசையாமல் கட்டி மருத்துவமனைக்கு அனுப்புங்கள். எக்ஸ்ரே பார்த்து, முறையாகப் பொருத்த வேண்டும். இருபது வயதுக்குக் குறைந்த, உடலோடு உடல் மோதும் ஆட்டக்காரருக்கு மறுபடி விலகும் வாய்ப்பு மிகவும் அதிகம். "தானா சரியாயிடும்" என்று ஐந்தாறு முறை விலகவிட்டால், தைத்தாலே நின்றிருக்கக்கூடிய தோள் எலும்பு ஒட்டவைக்க வேண்டிய தோளாகிவிடும்.

பெற்றோர்களே, மருத்துவரிடம் ஸ்குரூவின் விலையையும் கம்பெனியையும் கேட்பதோடு இன்னும் மூன்று கேள்விகளைக் கேளுங்கள். குழியில் எலும்பு எவ்வளவு தேய்ந்திருக்கிறது, சி.டி. ஸ்கேனில் அளந்தீர்களா? தையல் மட்டும் போதுமா? அறுவைக்குப் பிறகு பிசியோதெரபி யாரிடம், எத்தனை மாதம்? இந்த மூன்றுக்கும் தெளிவான பதில் கிடைத்தால், ஆங்கரைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பை மருத்துவரிடமே விட்டுவிடலாம்.

வீரர்களே, வலி போனது ஒட்டியதற்கு அடையாளம் அல்ல. வலி சில வாரத்தில் போகும். நார் முற்ற மாதங்கள் ஆகும். நான்கு முதல் ஆறு வாரம் வரை ஸ்லிங்கைக் கழற்றச் சொல்லாத நேரத்தில் கழற்றாதீர்கள். கையை உயர்த்தி வெளிப்புறம் திருப்பும் அசைவைச் சொல்லும் வரை செய்யாதீர்கள். தசைப் பயிற்சியை விட்டுவிடாதீர்கள். உருண்டையைக் குழிக்குள் அழுத்தும் அந்தத் தசைகள்தாம் உங்கள் தையலின் மேல் விழும் இழுப்பைக் குறைக்கின்றன. கபடி போன்ற ஆட்டங்களுக்குத் திரும்ப ஏறத்தாழ ஆறு மாதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த நாளையும் நாள்காட்டியை மட்டும் பார்த்து முடிவு செய்யாமல், இரண்டு தோளின் பலத்தையும் அசைவையும் ஒப்பிட்டுச் சோதித்த பிறகே முடிவு செய்யுங்கள்.

மருத்துவ மாணவர்களுக்கு ஒன்று. எந்தப் புதிய ஆங்கரின் விளம்பரத்திலும் பெரிய எழுத்தில் நியூட்டன் எண் இருக்கும். அது எந்த எலும்பில், எந்தக் கோணத்தில், ஒரே இழுப்பிலா பல சுற்றிலா, எது அறுந்தது என்று கேளுங்கள். "எது அறுந்தது" என்ற கேள்விக்குப் பதில் தெரிந்தால்தான் அந்த எண்ணுக்குப் பொருள் உண்டு.

தைத்த தோள் எவ்வளவு தாங்கும் என்பது அறுவை அரங்கிலேயே முடிவாகிவிடும் கணக்கு அல்ல. முதல் முறை விலகிய நாளில் எடுக்கும் முடிவில் அது தொடங்குகிறது; ஆட்டத்துக்குத் திரும்பும் நாள்வரை தொடர்கிறது. நடுவே மருத்துவர் கையில் இருப்பது சில மணி நேரம். மீதி மாதங்கள் முழுவதும் உங்கள் கையில். அந்த மாதங்களை எங்களுக்குத் தாருங்கள். உங்கள் பிள்ளைகள் அச்சமில்லாமல் கை ஓங்கி ஆடும் தோளை உங்களுக்குத் திருப்பித் தர எங்களால் முடியும்.